சுவரைப் பார்த்த நாற்காலி

அவள் கேட்டது ஒரு நாற்காலி. புது நாற்காலிகூட இல்லை. பல வருஷமாக உட்கார்ந்து உட்கார்ந்து கைப்பிடியில் ரெக்ஸின் உரிந்துபோன பழைய நாற்காலி. கண்காணிப்பு அறையின் கடைசி மூலையில், சுவரைப் பார்த்தபடி, அது இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்றாள். அதற்காக அந்தக் கம்பெனி ஒரு குழு அமைத்தது, ஒரு விழா எடுத்தது, ஒரு கண்ணாடி அறை கட்டியது, கடைசியில் ஒரு விருதும் வாங்கியது. நாற்காலி மட்டும் கிடைக்கவில்லை.

அறையில் எல்லோரும் அவளை ‘வடிகட்டி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கேலிப்பேர் இல்லை, வேலையால் வந்த பேர். பிறருடைய கம்ப்யூட்டர்களுக்குக் காவல் இருப்பது அந்தக் கம்பெனியின் தொழில். சில வங்கிகள், ஓர் இன்சூரன்ஸ் ஆபீஸ், ஒரு பெரிய ஆஸ்பத்திரி என்று பலர் இவர்களை நம்பிக் கண்ணயர்ந்தார்கள். யாராவது உள்ளே நுழையப் பார்த்தால் கண்காணிப்பு அறையின் திரையில் ஓர் அலர்ட் விழும். சங்கடம் என்னவென்றால், திருடன் வராதபோதும் அது விழும். பாஸ்வேர்டை மறந்த குமாஸ்தா, விடுமுறைக்குப் போன இடத்தில் ஆபீஸ் மெயிலைத் திறந்த மேனேஜர், துடைப்பம் பட்டுப் பிடுங்கிக்கொண்ட வயர், எல்லாமே அலர்ட்தான். நாள் முழுக்கக் கொட்டும் அந்த மழையில் எப்போதாவது ஒரு நிஜத் திருடன் மற்றவர்களைப் போலவே உடுத்திக்கொண்டு தலையைக் குனிந்தபடி நடந்து போவான்.

அவனைப் பிரித்தெடுப்பதுதான் வடிகட்டியின் வேலை. அதில் மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரே விஷயத்தை அலுக்காமல் பார்ப்பாள். நேற்று எப்படி இருந்தது என்பது நினைவில் இருக்கும். இன்று ஏதாவது பிசகினால் செருப்புக்குள் புகுந்த மணல் மாதிரி அவளை உறுத்திக்கொண்டே இருக்கும். ஆனால் முதுகுக்குப் பின்னால் யாரும் நடமாடக் கூடாது. தோளைத் தட்டக் கூடாது. சொல்ல வேண்டியதை டைப் பண்ணிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் தவறினால் மத்தியானத்துக்குள் அத்தனை பேச்சும், அத்தனை செருப்புச் சத்தமும், பக்கத்தில் யாரோ சிப்ஸ் பாக்கெட் பிரிக்கும் சரசரப்பும் தலைக்குள் புகுந்து நிரம்பிவிடும். அப்புறம் திரையில் ஓடுவது எது, தலைக்குள் ஓடுவது எது என்றே தெரியாது.

வேலைக்குச் சேர்ந்த வாரத்திலேயே ஷிஃப்ட் பொறுப்பாளர் இதைக் கவனித்துவிட்டார். முழங்கால் வலிக்காரர், அதிகம் பேசாதவர். “நீ அந்த மூலைல உட்காரும்மா. ஏதாச்சும் வேணும்னா நான் மெசேஜ் போடறேன்” என்றார். அவ்வளவுதான். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, கொள்கை இருக்கிறது, அதைச் சொல்லிக்கொடுக்க நிபுணர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பாவம் அவருக்குத் தெரியாது.

பிறகு வெளியிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். ஒரே இடத்தில் உட்காருகிறவர்களின் எண்ணங்களும் ஒரே இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன என்று கண்டுபிடித்துச் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து கம்பெனியில் யாருக்கும் சொந்த இருக்கை கிடையாது. காலையில் வந்து, காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டும். வடிகட்டிக்கு ஒரு நாள் பிரிண்டருக்கு எதிரே இடம் கிடைத்தது. மறுநாள் காபி மெஷினுக்குப் பக்கத்தில். அதற்கடுத்த நாள் நடைபாதையை ஒட்டி, போகிறவர் வருகிறவர் எல்லாம் நாற்காலியை இடித்துவிட்டு “சாரி” சொன்னார்கள். அன்று டாய்லெட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அக்கா பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவு நர்ஸ். அந்த ஆஸ்பத்திரியும் தங்கையின் கம்பெனிக்கு வாடிக்கைதான். “நாங்க உடம்பைப் பாத்துக்கறோம், நீங்க கம்ப்யூட்டரைப் பாத்துக்கறீங்க” என்று அக்கா சிரிப்பாள்.

அன்று தங்கையின் வீங்கிய கண்களைப் பார்த்துவிட்டு அக்கா சொன்னாள்: “உனக்கு ஆட்டிசம்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்கார்ல, அதைக் காட்டிக் கேளேன்டி. சட்டம் இருக்கு.”

“கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடுமே.”

“தெரிஞ்சா தெரியட்டும். நாற்காலிதானே கேக்கற, நாட்டையா கேக்கற?”

இது நியாயமாகத்தான் பட்டது. கேட்டாள்.

முன்பு பணியாளர் பிரிவு என்றிருந்த இடத்துக்கு இப்போது ‘பணியாளர் மலர்ச்சித் துறை’ என்று பெயர். அதன் தலைவியை எல்லோரும் மலர்ச்சி மேடம் என்பார்கள். வடிகட்டி அறைக்குள் நுழைந்ததும் மேடம் எழுந்து ஓடிவந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தொடுவது அவளுக்கு ஆகாது என்று அவள் அனுப்பிய மெயிலின் இரண்டாவது வரியில் எழுதியிருந்தது. மேடம் முதல் வரியிலேயே நெகிழ்ந்துபோய் நின்றுவிட்டார் போலிருக்கிறது.

“இத்தனை நாளா இங்கேயே இருந்திருக்கீங்க! நாங்கதான் வெளியில தேடிக்கிட்டு இருந்தோம்.”

“என்னையா மேடம்?”

“உங்களை மாதிரி ஒருத்தரை. போட்டிக் கம்பெனியில ரெண்டு பேர் இருக்காங்க, தெரியுமா? போன மாநாட்டுல அவங்களைப் பத்தியே பேசினாங்க. நான் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்.”

“நாற்காலி…”

“நாற்காலி சின்ன விஷயம்மா. உங்களை ஒரு நாற்காலிக்குள்ள அடைக்க எனக்கு மனசு வரல. நாம பெருசா யோசிக்கணும்.”

பெரிதாக யோசிக்க ஒரு குழு அமைந்தது. குழுவில் எல்லாத் துறைத் தலைவர்களும் இருந்தார்கள். ஆட்டிசம் உள்ளவர் ஒருவரும் இல்லையே என்று யாரோ கேட்டபோது கணக்குத் துறைத் தலைவர் கையைத் தூக்கி, தனக்கும் மேட்ச் பார்க்கும்போது யாராவது பேசினால் பிடிக்காது என்றார். அது பதிவு செய்யப்பட்டது. இப்படிப்பட்டவர்களை என்னவென்று அழைப்பது என்று பல கூட்டங்கள் நடந்தன. ‘மாறுபட்ட மூளையினர்’ என்றால் மாற்றிப் பொருத்திய மாதிரி இருக்கிறது என்றார் ஒருவர். ‘விசேஷ மூளையினர்’ என்றால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்றார் இன்னொருவர். கடைசியில் ‘சிறப்புச் சிந்தனையாளர்’ என்று முடிவானது. கேட்டவள் ஒருத்திதான் என்பதால் திட்டத்துக்கு ‘நூறு பூக்கள்’ என்று பெயர் வைத்தார்கள்.

தொடக்க விழாவை வடிகட்டிக்குத் தெரியாமல் ஏற்பாடு செய்தார்கள். இன்ப அதிர்ச்சியாம். திடீர் மாற்றம் ஒத்துக்கொள்ளாது என்று மெயிலின் நாலாவது வரியில் இருந்தது. காலையில் வழக்கம்போல் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். விளக்குகள் அணைந்தன. ஒரே சமயத்தில் ட்ரம்ஸ் அதிர்ந்தது, பலூன்கள் வெடித்தன, வண்ணக் காகிதம் அவள் தலையில் கொட்டியது. எதிர்ச் சுவர் நிறைய அவளுடைய முகம், அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியது. அதன் கீழே ‘அமைதியின் ஆற்றல்’ என்று எழுதியிருந்தது. அவள் காதைப் பொத்திக்கொண்டு குந்தி உட்கார்ந்தாள்.

“பாருங்க, எவ்வளவு எமோஷனல் ஆயிட்டாங்க!” என்றார் மலர்ச்சி மேடம் மைக்கில். கைதட்டல் கூரையைப் பிய்த்தது.

எம்.டி. பேசினார். மனத்தில் பட்டதை மறைக்காமல் பேசுகிறவர் என்று அவருக்குப் பேர்.

“நண்பர்களே, ஆரம்பத்துல எனக்கும் தயக்கம் இருந்துச்சு. செலவுதானேன்னு நினைச்சேன். அப்புறம் மேடம் எனக்கு விளக்கினாங்க. இவங்களுக்கு வெட்டி அரட்டை வராது. டீ குடிக்கக் கூட்டமா போக மாட்டாங்க. ஒரு வேலையைக் குடுத்தா அதுலயே மூழ்கிடுவாங்க, வீட்டுக்குப் போற நேரம்கூடத் தெரியாது. சம்பளம் ஏத்திக் கேக்கக் கூச்சப்படுவாங்க. வேற வேலை தேட இன்டர்வியூன்னாலே பயம். இதைவிட ஒரு கம்பெனிக்கு என்னய்யா வேணும்? நான் இத்தனை வருஷமா இவங்களைக் கவனிக்காம விட்டதுக்கு மனசு வலிக்குது.”

எம்.டி.யின் கண்கள் கலங்கின. பலருக்கும் கலங்கின. வடிகட்டி அதற்குள் மாடிப்படிக்கு அடியில் போய்விட்டாள். ஷிஃப்ட் பொறுப்பாளர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளிப் படியில் உட்கார்ந்தார். மொபைலில் ஒரு மெசேஜ் வந்தது: ‘தண்ணி வேணுமா?’ பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே அனுப்பியிருந்தார். அவள், ‘வேணும்’ என்று பதில் போட்டாள்.

அடுத்து ‘உணர்ந்து பார்ப்போம்’ பயிற்சி. மேனேஜர்கள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கலவையான இரைச்சலைக் கேட்க வேண்டும். கழுத்தில் அரிக்கிற மாதிரி சாக்குத் துணி. கண்ணெதிரே ஒரு விளக்கு விட்டு விட்டு எரியும். அந்த நிலையில் ஒரு சின்னக் கூட்டல் கணக்குப் போட வேண்டும். சந்தைப்படுத்தல் மேனேஜர் பாதியில் ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு, மனுஷன் இருப்பானா இதில் என்று கத்தினார். அவருக்கு மறுநாள் லீவு கொடுத்தார்கள், சான்றிதழும் கொடுத்தார்கள். பயிற்சி நடந்தது கண்காணிப்பு அறைக்கு நடுவில். இரைச்சலை ஸ்பீக்கரிலும் போட்டுவிட்டிருந்தார்கள். ஹெட்போன் மாட்டாத வடிகட்டிக்கும் அதில் பங்கு கிடைத்தது.

முடிவில் வடிகட்டியை நிற்க வைத்து, மேனேஜர்களை அவளிடம் கேள்வி கேட்கச் சொன்னார்கள்.

“உங்களுக்குச் சிரிப்பு வருமா?” என்று கேட்டார் ஒருவர், மெதுவாக, வெளியூர்க்காரரிடம் வழி கேட்கிற குரலில்.

“சிரிக்கிற மாதிரி ஏதாவது நடந்தா வரும்.”

“என் பிறந்த தேதி சொல்றேன், என்ன கிழமைன்னு சொல்ல முடியுமா?”

“போன்ல பாருங்க சார்.”

ஏமாற்றம் அவர் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. காசு கொடுத்துப் பார்க்க வந்த வித்தையை இவள் செய்து காட்டாத மாதிரி.

நூறு பூக்களுக்கு இன்னும் பூக்கள் வேண்டியிருந்தன. ஆள் எடுக்க இன்டர்வியூ வைத்தார்கள். வடிகட்டியையும் தேர்வாளர் மேசையில் அழகுக்கு உட்கார வைத்தார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கு மதிப்பெண், அழுத்தமாகக் கைகுலுக்குவதற்கு மதிப்பெண், குழு விவாதத்தில் கலகலப்புக்கு மதிப்பெண். கண்ணைப் பார்க்க முடியாமல் மேசை விளிம்பைப் பார்த்து, ஆனால் கேட்டதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொன்ன ஒரு பெண்ணை, ‘ஆளே ஒரு மாதிரி இருக்கிறார்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள்.

“மேடம், ஒரு மாதிரி இருக்கறவங்களைத்தானே தேடறோம்?” என்று வடிகட்டி கேட்டாள்.

“ஆமாம்மா. ஆனா பழகறதுக்கு இனிமையா இருக்கற ஒரு மாதிரி” என்றார் மேடம்.

கடைசியில் எம்.டி.யின் மருமகன் தேர்வானார். மீட்டிங்கில் உட்கார்ந்தால் தனக்குப் பொறுமை போய்விடுகிறது, சிறு வயதிலிருந்தே தான் இப்படித்தான் என்று அவர் மனம் திறந்து சொன்னது எல்லோரையும் உருக்கிவிட்டது.

வடிகட்டி நாற்காலியை மறக்கவில்லை. மெயில் மேல் மெயில் போட்டாள். கிணற்றில் போட்ட கல். ஒரு நாள் மலர்ச்சி மேடமே வந்து, கண்ணை மூடச் சொல்லி, லிஃப்டில் கீழே அழைத்துப் போனார். கண்ணைத் திறந்தால் வரவேற்பறைக்கு நடுவில் ஒரு கண்ணாடி அறை. வாசலில் ‘அமைதி அறை’ என்று விளக்கெழுத்து மினுக்கியது. உள்ளே நிறம் மாறும் பல்புகள், குமிழி விடும் மீன் தொட்டி, ஸ்பீக்கரில் இடைவிடாத கடலலைச் சத்தம். நடுவில் ஒரு புது நாற்காலி.

“சுவரைப் பார்த்து உட்காரணும்னு கேட்டீங்களே. இப்ப நாலு பக்கமும் சுவர்!”

“கண்ணாடியா இருக்கே மேடம்.”

“அதுதான் வெளிப்படைத்தன்மை.”

வடிகட்டி அங்கேதான் வேலை பார்க்க வேண்டும் என்று ஆனது. வாடிக்கைக் கம்பெனிக்காரர்கள் வந்தால் முதலில் அங்கே கூட்டிவருவார்கள். அவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று கிசுகிசுப்பார்கள். சிலர் விரல் நுனியால் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பார்கள். அவள் திரும்பினால் மகிழ்ந்து கையசைப்பார்கள். ஒருவர் மீன் தொட்டிப் பக்கம் போய் அதையும் தட்டினார்.

வேலை படுத்துவிட்டது. கவனிக்க வேண்டியதில் பாதியைக்கூட அவளால் கவனிக்க முடியவில்லை. மீதி நேரத்தில் அவளைப் பேட்டிக்கும் படப்பிடிப்புக்கும் கூட்டிப்போனார்கள். வடிகட்டப்படாத அலர்ட் மலைபோல் குவிந்தது. ஷிஃப்ட் பொறுப்பாளர் கையைப் பிசைந்துகொண்டு மலர்ச்சி மேடத்திடம் போனார்.

“அந்தப் பொண்ணை மேல அனுப்புங்க மேடம். எங்களால சமாளிக்க முடியல.”

“அவங்க உங்களுக்கு மட்டும் சொந்தமில்ல சார். அவங்க இப்ப ஒரு இயக்கம்.”

“இயக்கம் வேற யாராச்சும் நடத்தட்டுமே. எனக்கு அலர்ட் பாக்க ஆள் வேணும்.”

“உங்ககிட்டே கொஞ்சம் பரிவு குறைச்சலா இருக்கு” என்று மேடம் வருத்தத்தோடு சொல்லி, அவரை மறுபடியும் சாக்குத் துணிப் பயிற்சிக்கு அனுப்பினார்.

பிறகு பெரிய மாநாடு வந்தது. பல தேசத்துக் கம்பெனிகள் கூடும் இடம். வடிகட்டி மேடையில் பேச வேண்டும். பேச வேண்டியதை மேடம் எழுதிக் கொடுத்திருந்தார். ‘நான் ஒரு மூலையில் இருந்தேன், இந்தக் கம்பெனி என்னை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது’ என்று தொடங்கியது.

“மூலை எனக்குப் பிடிச்சிருந்துச்சு மேடம்.”

“அது உங்களுக்குப் பழகிப்போன வலிம்மா” என்றார் மேடம்.

ஒத்திகைக்கே நாட்கள் போயின. அந்த நாட்களில்தான் ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்குக் குமாஸ்தா ஒருவரின் பெயரில், அவர் ஒருபோதும் வேலை செய்யாத நேரங்களில், யாரோ உள்ளே நுழைந்து ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்கான அலர்ட் விழத்தான் விழுந்தது. ஆயிரத்தோடு ஆயிரமாகக் கிடந்தது. வடிகட்டி இடத்தில் இருந்திருந்தால் பார்த்திருப்பாளா? நிச்சயமாகச் சொல்ல முடியாது. அவளும் தவறவிட்டதுண்டு. ஆனால் அவள் அங்கே இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

மாநாட்டு மேடையில் அவள் மைக்கைப் பிடித்தபடி, எதிரே இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்க்காமல் எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. கீழே முதல் வரிசையில் எம்.டி.யின் போன் அதிர்ந்தது. அதைப் பார்த்தார், முகம் வெளிறியது, ஆனாலும் கைதட்டுவதை நிறுத்தவில்லை. எல்லாக் கேமராவும் அவர் பக்கம்தான் இருந்தன.

ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் மொத்தமும் பூட்டிக்கொண்டன. திறக்கப் பணம் கேட்டுத் திரையில் ஓர் அறிவிப்பு. ரத்தப் பரிசோதனை முடிவு இல்லை, மருந்து விவரம் இல்லை, யாருக்கு என்ன அளவு என்று எதுவும் இல்லை. டயாலிசிஸ் மெஷின்கள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் யாருக்கு எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்ற கணக்கு பூட்டுக்குள் போய்விட்டது. பிரிவை மூடிவிட்டு, நோயாளிகளை ஊரின் மறுகோடியில் இருந்த வேறொரு ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. அங்கே ஏற்கெனவே இடமில்லை.

அக்கா வீட்டுக்கு வந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள்.

“பஸ் டிரைவர் ஒருத்தர் வருவார்டி. எப்பவும் ஜன்னல் பக்கத்துப் படுக்கைதான் கேப்பார். ரோட்டைப் பாத்துக்கிட்டே இருப்பார், எந்த வண்டி ராங் சைடுல போகுதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பார். இன்னைக்கு வந்தப்பவே மூச்சு வாங்குச்சு. நான் டாக்டர்கிட்டே கெஞ்சினேன், இவரை அனுப்ப வேண்டாம், எனக்கு இவர் கணக்கு மனப்பாடம்னு. ரூல் இல்லைன்னுட்டாங்க. அங்கே போய் வராந்தாவுலயே வரிசைல உட்கார வெச்சிருக்காங்க. உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே…”

அக்கா முடிக்கவில்லை. வடிகட்டி மேடைக்குப் போட்டுப்போன புதுச் சட்டையோடு நின்றுகொண்டிருந்தாள். அதன் கழுத்துப் பட்டை காலையிலிருந்து அரித்துக்கொண்டிருந்தது. அது இப்போதுதான் நின்றது, அல்லது தெரியாமல் போனது.

ஆஸ்பத்திரி நிர்வாகி வருவதற்கு முன்னால் வடிகட்டியைத் தனியாகக் கூப்பிட்டார்கள். எம்.டி., மலர்ச்சி மேடம், ஒரு வக்கீல்.

“நம்ம கம்பெனியில பழி போடற கலாசாரமே கிடையாது” என்று ஆரம்பித்தார் மேடம். “அதனால யார் மேல தப்புன்னு நாம பேசப்போறதில்ல. அன்னைக்கு ட்யூட்டியில யார் பேர் இருந்துச்சுன்னு மட்டும் சொல்லப்போறோம். உங்க பேர்தான் இருக்கு.”

“நான் மாநாட்டுல இருந்தேன் மேடம். நீங்கதான் கூட்டிட்டுப் போனீங்க.”

“மாநாடு உங்க வேலைக்கு மேலதிகமா நீங்க விரும்பிச் செஞ்சது. ட்யூட்டியிலேர்ந்து உங்களை யாரும் எடுக்கல.”

“லிஃப்ட் கதவுல நான் மேடையில நிக்கற படம் ஒட்டியிருக்கே.”

வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். “அதை இன்னைக்கே எடுத்துடுங்க” என்றார்.

எம்.டி. கனிவாகச் சொன்னார்: “பயப்படாதேம்மா. உன்னைத் திட்ட மாட்டாங்க. திட்டவும் முடியாது, அதான் இதுல இருக்கற வசதி. அன்னைக்கு உனக்குக் கொஞ்சம் முடியலன்னு சொன்னாப் போதும். உன் நிலைமை எல்லாருக்கும் தெரியும். யாரா இருந்தாலும் உருகிடுவாங்க. இன்னொருத்தர் அந்த இடத்துல இருந்தா கேஸ் போட்டிருப்பாங்க. எவ்வளவு பெரிய பாதுகாப்பு பாத்தியா உனக்கு?”

ஆஸ்பத்திரி நிர்வாகி வந்தார். காபி வந்தது. மலர்ச்சி மேடம் வடிகட்டியின் பக்கம் திரும்பி ஊக்கமாகத் தலையாட்டினார். வடிகட்டி மேசை விளிம்பைப் பார்த்தபடி சொன்னாள்:

“எனக்கு முடியாம இல்ல. நான் அங்கே இல்ல. என்னை மேடையில நிக்க வெச்சிருந்தாங்க. அலர்ட் விழுந்துச்சு, யாரும் பாக்கல. பஸ் டிரைவர் ஒருத்தர் செத்துப்போனார்.”

பொங்கி எழுந்து மேசையைக் குத்துவார் நிர்வாகி என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் காபியைக் கீழே வைத்தார். கைக்குட்டையால் வாயைத் துடைத்தார்.

“இதெல்லாம் இங்கே எதுக்கும்மா?” என்றார் அலுப்போடு. “எங்க பக்கம் பழைய சர்வரை மாத்தாம வெச்சிருந்தோம், அதை உங்க ஆளுங்க கிளற மாட்டாங்க. உங்க பக்கத்தை நாங்க கிளறல. டிரைவர் எங்க கட்டடத்துல சாகல. அதுவும் ஏற்கெனவே உடம்பு சரியில்லாதவர்.”

எல்லோரும் மூச்சு விட்டார்கள். அன்று மாலையே இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன. தொழில்நுட்ப இடையூறு சீரடைந்துவிட்டது, நோயாளிகள் எவருக்கும் நேரடிப் பாதிப்பு இல்லை என்றது அது. ஷிஃப்ட் பொறுப்பாளரை, அவருடைய முழங்காலின் நலன் கருதி, முன்கூட்டியே ஓய்வு பெறச் சொன்னார்கள். அவர் மறுபேச்சுப் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போனார். போகிற வழியில் வடிகட்டிக்கு ஒரு மெசேஜ்: ‘நீயும் கிளம்பிடும்மா.’

அவளுக்கு நீண்ட நலன்காப்பு விடுப்பு தருவதாகச் சொன்னார்கள். அவள் ராஜினாமாவை அனுப்பிவிட்டாள். அதை மலர்ச்சி மேடம், தன் எல்லையைத் தானே உணரும் துணிச்சல் என்று பாராட்டி எல்லோருக்கும் மெயில் போட்டார். ‘நூறு பூக்கள்’ திட்டத்துக்கு அந்த வருஷம், நெருக்கடியிலும் கைவிடாத கருணைக்கான விருது கிடைத்தது. எம்.டி.யின் மருமகன் மேடையேறிப் பெற்றுக்கொண்டார். பேச்சு நீளமாகப் போனதால் பாதியில் பொறுமை இழந்து இறங்கிவிட்டார். அதற்கும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

ஒரு நாள் வடிகட்டி அக்காவிடம் கேட்டாள்: “அந்த டிரைவர் வீடு உனக்குத் தெரியுமா?”

“எதுக்குடி? போய் என்ன சொல்லப்போற?”

“நடந்ததைச் சொல்லணும். அவங்ககிட்டே யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க.”

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, நானும் வரேன்” என்றாள்.

மூன்றாம் மாடியில் ஒற்றைப் படுக்கையறை வீடு. டிரைவரின் மனைவி ஒடிசலான பெண். கணவரின் காக்கிச் சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டு, யாருக்காவது கொடுக்கலாம் என்று கட்டிலில் அடுக்கி வைத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து, “வாங்க சிஸ்டர், உங்களைப் பத்தி ஓயாம சொல்வாரு” என்று தரையில் பாய் விரித்தார்.

வடிகட்டிக்கு நலம் விசாரித்து மெல்ல விஷயத்துக்கு வருகிற பழக்கம் இல்லை. உட்கார்ந்ததும் சொன்னாள். என்ன நடந்தது, எப்படி நுழைந்தார்கள், எங்கே தெரிந்திருக்க வேண்டும், யார் பார்க்க வேண்டியிருந்தது என்று முதலிலிருந்து கடைசி வரை, எதையும் பூசி மெழுகாமல். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தப் பெண் கடைசி வரை கேட்டார். “நீ அன்னைக்கு எங்கேம்மா இருந்தே?” என்றார்.

“மேடையில.”

“அங்கே என்ன பண்ணினே?”

“எழுதிக் குடுத்ததைப் படிச்சேன்.”

அவர் திட்டவில்லை. அழவும் இல்லை. ஒரு சட்டையை எடுத்துக் கழன்றுகொண்டிருந்த பட்டனைத் திருகிப் பார்த்தார். “மூச்சு முட்டுதுன்னு சொன்னாரு. பொறுத்துக்கோங்க, வரிசை நகருதுன்னு நான்தான் சொல்லிக்கிட்டே இருந்தேன்” என்றார். “நகரவே இல்ல.”

கட்டிலில் சரிந்திருந்த சட்டை அடுக்கை வடிகட்டி நேராக்கி வைத்தாள்.

கிளம்பும்போது அந்தப் பெண் அலமாரி மேலிருந்து ஓர் அட்டையை எடுத்து வந்தார். ஓரமெல்லாம் தங்க நிறம். “நேத்து உங்க கம்பெனியிலேர்ந்து பூங்கொத்தோட வந்துச்சு. எழுத்து பொடிசா இருக்கு, படிச்சுச் சொல்லேன்.”

வடிகட்டி படித்தாள். ‘மீண்டெழும் மனங்கள்’ என்று புதுத் திட்டமாம். தொடக்க விழாவில் சிறப்பு விருந்தினராக வந்து தங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளுமாறு அழைத்திருந்தார்கள். கீழே மலர்ச்சி மேடத்தின் கையெழுத்து.

“போகணுமாம்மா? போனா என்ன பண்ணுவாங்க?”

வடிகட்டி கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லுகிறவள். யோசித்துச் சொன்னாள்:

“மைக் குடுப்பாங்க. அவர் எப்படிச் செத்தார்னு சொல்லச் சொல்வாங்க. நீங்க அழுதா எல்லாரும் எழுந்து நிப்பாங்க. ரொம்ப நேரம் கைதட்டுவாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் காபி குடிக்கப் போயிடுவாங்க.”